தீபாவளி, அடுத்து மூன்று கல்யாணம். குறைத்த எட்டுக் கிலோவை எப்படிக் காப்பாற்றுவது?

உறையூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது, உயரம் 158 செ.மீ. போன பிப்ரவரியில் 79 கிலோ, இன்று காலை 71. ஜிம் எதுவும் இல்லை. மதியச் சாதத்தை ஒரு கரண்டியாக்கி, காயை இரண்டு மடங்காக்கி, ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் சாப்பிட்டு முடித்து, தினம் 45 நிமிடம் நடந்தேன், அவ்வளவுதான். மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.2 சதவீதம் இருந்தது, இப்போது 5.8. டாக்டர் இப்படியே போங்கள் என்றார்.

இப்போது பயமே இனிமேல் வரும் நாட்களை நினைத்துத்தான். தீபாவளிக்கு மாமியார் வீடு. அது முடிந்து ஐப்பசியில் ஒரு கல்யாணம், கார்த்திகையில் இரண்டு. அதில் ஒன்று கொழுந்தனாருடையது, இரண்டு நாள் மண்டபத்திலேயே தங்க வேண்டும்.

போன வருடமும் இதே மாதிரி ஐந்து கிலோ குறைத்துவிட்டுத்தான் தீபாவளிக்குப் போனேன். ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று முடிவெடுத்து, காலையில் வெறும் காபி, மதியம் கொஞ்சம் ரசம் சாதம், யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மாமியார் முகம் வாடிப் போனது. ராத்திரி பதினொரு மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு தண்ணீர் குடிக்க எழுந்து போனவள், அடுப்படி விளக்கைக்கூடப் போடாமல் நின்றுகொண்டே முறுக்கு டின்னுக்குள் கையை விட்டேன். எத்தனை சாப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. மூடியைச் சத்தம் வராமல் மூடியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஊருக்குத் திரும்பி எடை பார்த்தால் 1.8 கிலோ கூடியிருந்தது. சரி, எல்லாம் போச்சு என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்குள் போன ஐந்தும் வந்து, மேலே ஒன்றும் சேர்ந்துகொண்டது.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. பட்டினியும் வேண்டாம், மாமியார் மனசும் நோகக் கூடாது. எதைச் சாப்பிடுவது, எதை விடுவது, பந்தியில் போதும் என்று எப்படிச் சொல்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சிங்காரச்சென்னை

ஒரு நாள் பண்டிகைக்கு இவ்வளவு யோசிக்கணுமா? நல்லா சாப்பிடுங்க, மறுநாள் நடந்து கரைச்சிடலாம்.

---

கோவை நடையன்

சென்னை நண்பரே, ஒரு நாளாக இருந்தால் நானும் இதையேதான் சொல்வேன். எண்ணிப் பாருங்கள். தீபாவளிக்கு முன்னாலேயே அலுவலகத்தில் ஸ்வீட் பாக்ஸ் வர ஆரம்பித்துவிடும். அப்புறம் தீபாவளி, அக்கம்பக்கத்துத் தட்டு, ஒரு வாரத்துக்கு மிச்சப் பலகாரம், கல்யாணங்கள், யாராவது ஒருத்திக்கு வளைகாப்பு, கார்த்திகைக்குப் பொரி உருண்டை, கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு, பொங்கல். மார்கழியில் கல்யாணம் இல்லையே தவிர கோயில் பொங்கல் உண்டு. இது முழுசாக இரண்டரை மாதம். எனக்கு எடை ஏறியது எப்போதும் இந்த மாதங்களில்தான், சித்திரை வெயிலில் ஒருபோதும் ஏறியதில்லை.

நடந்து கரைக்கிற கணக்கையும் பாருங்கள். ஒரு குலாப் ஜாமூன் ஏறக்குறைய 150 கலோரி. என் எடைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தால்தான் அது போகும். நாலு ஜாமூன் என்றால்? அதுவும் ஐப்பசி அடைமழையில் எங்கே நடப்பது?

உறையூர்க்காரி, நான் 14 கிலோ குறைத்து மூன்று வருடமாக அப்படியே வைத்திருக்கிறேன். என் வழி கொஞ்சம் கறாரானது. பண்டிகை அன்றைக்கு மட்டும், வீட்டில் செய்தது மட்டும். பாக்ஸில் வருகிற எதையும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை, வந்த அன்றைக்கே அலுவலகத்தில் எல்லோர் நடுவிலும் திறந்து வைத்துவிடுவேன், சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும். அளவாக ஒன்று சாப்பிடு என்கிற யோசனை எனக்குச் சரிவரவே இல்லை. ஒரு துண்டு மைசூர்பாகு வாயில் போட்டால் அடுத்த துண்டு வேண்டும் என்கிற ஆள் நான். சிலருக்கு ஒன்றோடு நிற்கும், சிலருக்கு நிற்காது. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

---

பந்திக்காரர்

தங்கச்சி, நான் கும்பகோணம், மாயவரம் பக்கம் 22 வருடமாகக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டில் பந்தி மேற்பார்வை பார்த்தவன். சத்து, கலோரி எல்லாம் எனக்குத் தெரியாது. இலை தெரியும். அதைச் சொல்கிறேன்.

இலையின் நுனி உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். சாதம் வருவதற்கு முன்பே மேல்பாதி முழுக்கப் பச்சடி, கோசுமல்லி, பொரியல், கூட்டு, அவியல் என்று வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் ஜனங்கள் அதைத் தொட்டுக்கொள்ள மட்டும்தான் பார்க்கிறார்கள். இந்த வரிசையைப் போட்டுவைத்த நம் பெரியவர்கள் உங்களுக்குச் சாதகமாகத்தான் போட்டிருக்கிறார்கள். சாதத்தில் பருப்பும் நெய்யும் விழுந்ததும் எல்லோரும் பிசைய ஆரம்பிப்பார்கள், நீங்கள் கோசுமல்லியையும் பொரியலையும் முதலில் முடியுங்கள். முடித்துவிட்டு இன்னொரு தரம் கேளுங்கள். ஜாங்கிரியை இரண்டாவது கேட்பவர் உண்டு, பீன்ஸ் பொரியலை இரண்டாவது கேட்பவர் குறைவு, கேட்டால் எங்கள் பையன்கள் சந்தோஷமாக அள்ளி வைப்பார்கள்.

சாதம் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை சாதம் விழும். நடுவில் வத்தக்குழம்போ மோர்க்குழம்போ இருந்தால் நாலு. முதலில் விழுகிற சாதத்தையே கையால் மூன்றாகப் பிரித்து வையுங்கள். ஒரு பங்கு சாம்பாருக்கு, ஒன்று ரசத்துக்கு, ஒன்று மோருக்கு. அடுத்து சாதக் கூடை வரும்போது இலையில் வெள்ளைச் சாதம் இருப்பதைப் பார்த்தாலே பரிமாறுகிறவன் தாண்டிப் போய்விடுவான்.

போதும் என்று எப்போது சொல்வது என்று கேட்டீர்கள். கரண்டி வாளிக்குள் இருக்கும்போதே சொல்ல வேண்டும். கரண்டி மேலே வந்த பிறகு சொன்னால் எங்களால் திருப்பிப் போட முடியாது, பின்னால் இன்னொருவன் முட்டிக்கொண்டு நிற்பான். இலைக்கு மேலே கையைக் குறுக்கே பிடித்து, ஆளைப் பார்த்து, "பாதி போதும் தம்பி" என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் உபசரிப்புக்காகவாவது இன்னும் வற்புறுத்துவார்கள். பாதி என்றால் பாதிதான் விழும்.

முதல் பந்தியிலேயே உட்காருங்கள். பசி கண்ணை மறைக்காது, பரிமாறுகிறவர்களும் பின்னால் வரப்போகிற கூட்டத்தை நினைத்துக் கை அளவோடு போடுவார்கள். கடைசிப் பந்தி அப்படி இல்லை, பாத்திரத்தைக் காலி பண்ண வேண்டுமே என்று அல்வாவைக்கூட இரண்டு கரண்டி வைப்போம்.

காய்தானே என்று காசி அல்வாவை எடுக்காதீர்கள். பூசணிக்காய் என்பது பேருக்குத்தான், அதில் இறங்குகிற சர்க்கரையும் நெய்யும் எனக்குத் தெரியும். புளியோதரை, பிரிஞ்சி இரண்டும் இருந்தால் ஏதாவது ஒன்று, அதுவும் ருசி பார்க்க. வத்தக்குழம்பில் மேலே மிதக்கிற நல்லெண்ணெயை ஒதுக்கி ஊற்றச் சொல்லலாம், தப்பில்லை.

சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்துவிடுங்கள். பேசிக்கொண்டே திறந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் ஏதாவது விழுந்துகொண்டேதான் இருக்கும். மடித்த இலையில் யாரும் எதுவும் வைக்க மாட்டார்கள்.

---

உணவியல் தோழி

மேலே அண்ணன் சொன்னதைவிடத் தெளிவாக என்னால் பந்தியைப் பற்றிச் சொல்ல முடியாது. காய், பருப்பு முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று நாங்களும் நோயாளிகளிடம் சொல்கிறோம். இனிப்பையும் வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு சேர்த்து முடியுங்கள்.

உங்கள் பதிவில் என்னை உறுத்தியது அந்த 1.8 கிலோதான். அதைப் பார்த்துத்தானே எல்லாம் போச்சு என்று விட்டீர்கள்? அது கொழுப்பு இல்லை அம்மா. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டும் என்றால் தேவைக்கு மேலே ஏறக்குறைய 7700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு ராத்திரி முறுக்கில் அது நடக்காது. நீங்கள் பல வாரமாகச் சாதத்தைக் குறைத்திருந்ததால் தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்துச் சேமிப்பு குறைந்திருக்கும். திடீரென்று இனிப்பும் சாதமும் போனதும் அது நிரம்பும். ஒவ்வொரு கிராம் சேமிப்பும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பலகாரத்து உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் அதில் பெரும்பகுதி இறங்கிவிடும். ஆகவே தீபாவளிக்கு மறுநாள் எடை மெஷின் மேல் ஏறாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். போன வருடம் உங்களைக் கவிழ்த்தது தீபாவளி இல்லை, அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம்.

அடுத்தது அந்தப் பட்டினி. காலையில் வெறும் காபியோடு நின்றால் ராத்திரி பதினொரு மணிக்குக் கை டின்னுக்குள் போகத்தான் செய்யும், அதில் உங்கள் மனஉறுதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் தீபாவளிக் காலையில் இட்லி, கறிக்குழம்பு உண்டா? உண்டென்றால் அதுதான் அன்றைக்கு உங்களுக்கு நல்ல சாப்பாடு. மூன்று இட்லி, கறித்துண்டு நிறைய, எண்ணெயை ஒதுக்கிய குழம்பு. பலமணி நேரம் பசிக்காது. சைவம் என்றால் இட்லி, சாம்பார், கூடவே ஒரு கிண்ணம் சுண்டல். வடை ஒன்று.

லேகியத்தைச் சும்மா சாப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் இருந்தாலும் வெல்லமும் நெய்யும்தான் அதில் அதிகம். எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் சுண்டைக்காய் அளவு போதும். அதிரசத்தில் வெல்லம்தானே, அது ஒன்றும் செய்யாது என்பார்கள். வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ வெள்ளைச் சர்க்கரையோ, எல்லாமே கிராமுக்கு நாலு கலோரியை ஒட்டித்தான் வரும், ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். சுகர் ஃப்ரீ என்று விற்கிற இனிப்பிலும் நெய்யும் கோவாவும் அப்படியேதான் இருக்கின்றன.

முறுக்கு, மிக்சர் வகை 100 கிராமுக்கு 500 கலோரி பக்கம் வரும். கார வகை என்பதால் கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். டின்னிலிருந்து நேராகச் சாப்பிடாமல் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, உட்கார்ந்து, பகலில் சாப்பிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரைக்கு நல்லது. மழை என்றால் மண்டபத்துத் தாழ்வாரம் போதும்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் விருந்துக்காக முந்தைய வேளைச் சாப்பாட்டை விடக் கூடாது. முகூர்த்தம் தள்ளிப்போய்ப் பந்தி இரண்டு மணிக்குத் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கல்யாண மண்டபத்திலிருந்து நேராக எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

மூத்த மருமகள்

தங்கம், நான் மாமியார் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் 19 வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன்.

டயட் என்ற வார்த்தையை எடுக்காதே. அந்தத் தலைமுறைக்கு அது தங்கள் சமையலைக் குறை சொல்கிற வார்த்தையாகத்தான் கேட்கும். சர்க்கரை என்று சொல். உனக்கு இருக்கிறதைத்தானே சொல்லப்போகிறாய், பொய் இல்லையே. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், 6.2 இருந்தது, 5.8 ஆக்கியிருக்கிறேன் அத்தை, திரும்ப ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல். பந்தியில் எல்லோர் முன்னாலும் சொல்லாதே, ஒரு வாரம் முன்னாலேயே போனில் சொல். என் மாமியாரிடம் நான் இப்படிச் சொன்ன வருடம், எனக்கென்று தனியாகக் கொண்டைக்கடலைச் சுண்டல் தாளித்து வைத்தார். அதற்கு முந்தின வருடம் வேண்டாம் என்றதற்கு இரண்டு நாள் பேசவில்லை, அதே மனுஷிதான்.

இன்னொன்று. அவர்கள் சுட்டதில் ஒன்றை அவர்கள் கண்ணெதிரே, சூடாக இருக்கும்போதே, நிதானமாகச் சாப்பிடு. பாகுபதம் எப்படி இவ்வளவு சரியாக வந்தது என்று கேள். உண்மையாகவே கேள், அதிரசத்துக்குப் பாகு எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, கொஞ்சம் முற்றினால் கல், கொஞ்சம் இளகினால் எண்ணெயில் பிரிந்துபோகும். அவர்களுக்கு வேண்டியது நீ பத்துச் சாப்பிடுவது இல்லை, அவர்கள் கையை நீ மதிக்கிறாய் என்று தெரிவதுதான்.

முடிந்தால் முதல் நாளே போய்ச் சேர்ந்து, எவ்வளவு செய்வது என்கிற பேச்சிலேயே உட்கார். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று கிலோ மிக்சர் எதற்கு? பழக்கத்தில் செய்கிறார்கள். பாதியாக்கினால் அவர்கள் முதுகு வலியும் பாதியாகும். ஊருக்குத் திரும்பும்போது கட்டிக்கொடுக்கிற பையில்தான் உன் ஆபத்து இருக்கிறது, அன்றைக்குச் சாப்பிட்டதில் இல்லை.

---

சிங்காரச்சென்னை

நடையன் சொன்ன அந்த இரண்டரை மாதக் கணக்கை நான் யோசிச்சதே இல்லை. எனக்கும் ஜனவரியில்தான் பேண்ட் இறுகும். ரிசப்ஷன் பஃபேக்கு என்ன பண்றதுன்னும் யாராவது சொல்லுங்க, எங்க பக்கம் எல்லாம் நான் ரொட்டி, பன்னீர் பட்டர் மசாலா, கோபி 65, ஐஸ்கிரீம்தான்.

---

கோவை நடையன்

தட்டு எடுப்பதற்கு முன்னால் வெறுங்கையோடு வரிசையின் கடைசி வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். முழுசாகப் பார்த்தால் உங்களுக்கு நிஜமாகவே பிடித்தது இரண்டுதான் இருக்கும். பார்க்காமல் போனால் முதல் மூன்று பாத்திரத்திலேயே தட்டு நிறைந்துவிடும், அப்புறம் பிடித்தது வரும்போது அதற்கு மேலே வைப்போம். எனக்கு தோசைக்கல் இருந்தால் தோசை, அசைவம் என்றால் தந்தூரி கோழி. தட்டோடு ஸ்டால் பக்கத்தில் நிற்காமல் தள்ளிப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஐஸ்கிரீமா பீடாவா என்றால் நான் பீடா.

---

உறையூர்க்காரி

தீபாவளி முடிந்து எட்டு நாள் ஆகிறது. சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

மூத்த மருமகள் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு வாரம் முன்னால் போன் செய்து அத்தையிடம் 6.2, 5.8 எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "என் அம்மாவுக்குக் கால் எடுத்தது சர்க்கரையால்தான், உனக்குத் தெரியுமா?" என்றார். பன்னிரண்டு வருடத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினோம்.

தீபாவளி அன்று மூன்று இட்லி, கறிக்குழம்பு, ஒரு வடை. அதிரசம் எண்ணெய் வடியும் முன்னால் ஒன்று, அவர் பக்கத்திலேயே மணையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நடுவில் மெத்தென்று, ஓரம் மொறுமொறுவென்று, ஏலக்காய் வாசனையோடு. போன வருடம் இருட்டில் தின்ற எந்த முறுக்கும் எனக்கு ருசியாக நினைவில் இல்லை, இந்த ஒன்று இருக்கிறது. சாயங்காலம் கிண்ணத்தில் கொஞ்சம் ஓமப்பொடி. ராத்திரி டின் பக்கம் போகத் தோன்றவில்லை, பசியே இல்லை.

எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தட்டில் பாதாம் அல்வா வந்தது, அதில் மூன்று துண்டு போனது. மறுநாள் எடை பார்க்கவில்லை, வழக்கம்போலச் சமைத்து, வழக்கம்போல நடந்தேன். இன்று காலை 71.3.

இப்போது கொழுந்தனார் கல்யாணம். பந்திக்காரர் அண்ணா, மதியப் பந்திக்கு நீங்கள் சொன்னது போதும். ஆனால் இரண்டு நாள் காலை டிபனும் மண்டபத்தில்தான். பொங்கல், கேசரி, வடை, பூரி என்று போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டு மூத்த மருமகள் என்பதால் எல்லோரையும் சாப்பிடவைத்துவிட்டுத்தான் நான் உட்கார முடியும். கடைசிப் பந்தி தவிர வழியில்லை. அதற்கு என்ன செய்வது?

---

பந்திக்காரர்

சுலபம் தங்கச்சி. காலை ஆறு மணிக்கு மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போய் அங்கே இருக்கிற மாஸ்டரிடம், மாப்பிள்ளை வீட்டு ஆள், எனக்கு மட்டும் நாலு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் இப்போதே வேண்டும் என்று கேளுங்கள். முதல் ஈடு இட்லி அப்போதுதான் இறங்கியிருக்கும். தட்டில் வைத்து ஸ்டூலும் போட்டுத் தருவார்கள், நாங்கள் இந்த மாதிரி எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறோம். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போய் ஊரையே உபசரியுங்கள். கடைசிப் பந்தியில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், ஒரு கரண்டி கேசரியும் காபியும் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.